ஏலம் கேட்டு ஓட்டல் அறை எடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. டல்லாஸில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். மனைவி, ஐந்து வயது மகள். ஜூன் மாதம் அப்பாவும் அம்மாவும் தஞ்சாவூரிலிருந்து வருகிறார்கள். நியூயார்க்கில் 3 இரவு, நயாகராவில் 2, வாஷிங்டனில் 2 என்று திட்டம். ஓட்டலுக்கு 2,000 டாலர் ஒதுக்கியிருக்கிறேன். பிரைஸ்லைன் என்ற பயணப் பதிவு இணையதளத்தில் நாமே ஒரு விலை கேட்டால் பாதிக்குப் பாதியாக அறை கிடைக்கும் என்கிறார் அலுவலகத்தில் ஒரு மூத்தவர். தேடிப் பார்த்தால் அந்த வசதியே கண்ணில் படவில்லை. இன்னொன்று, பெற்றோரின் திரும்பும் டிக்கெட்டுக்கு "பிசினஸ் கிளாஸுக்கு ஏலம் கேளுங்கள்" என்று விமான நிறுவனத்திலிருந்து மெயில் வந்திருக்கிறது. அப்பாவுக்கு மூட்டு வலி. கேட்கலாமா?

பதில்: உங்கள் அலுவலக மூத்தவர் பொய் சொல்லவில்லை, பழைய கதை சொல்கிறார். 1998-ல் பிரைஸ்லைன் தொடங்கியபோது அதன் சரக்கே அதுதான். ஊர், பகுதி, நட்சத்திரம், தேதி, தரத் தயாராக இருக்கும் விலை, கிரெடிட் கார்டு எண் எல்லாம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஏதாவது ஓட்டல் ஒப்புக்கொண்டால் அந்த நொடியே கார்டில் பணம் போய்விடும். ஓட்டலின் பெயர் அதற்கப்புறம்தான் தெரியும். மறுத்துவிட்டால் அதே கேள்வியை உடனே திரும்பக் கேட்க முடியாது, பகுதியையோ நட்சத்திரத்தையோ மாற்ற வேண்டும். இதிலும் கில்லாடிகள் இருந்தார்கள். நான்கு நட்சத்திர ஓட்டலே இல்லாத ஒரு பகுதியைக் கூடச் சேர்த்துக்கொண்டு, அதைச் சாக்காக வைத்து விலையை ஐந்து டாலர் ஏற்றி மறுபடி கேட்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன். சிகாகோவில் ஒரு முறை அசட்டுத்தனமாக விமான நிலையப் பகுதியையும் சேர்த்துவிட்டு, அங்கேயே அறை விழுந்து, மிச்சம் பிடித்ததையெல்லாம் டாக்ஸிக்குக் கொடுத்தேன்.

விமான டிக்கெட்டுக்கு இந்த ஏலத்தை 2016-ல் நிறுத்தினார்கள். பிறகு ஓட்டல் அறைக்கும் நின்றுவிட்டது. காலி இருக்கை நிறைய இருந்தவரைதான் விமான நிறுவனங்களுக்கு இது தேவைப்பட்டது. டெல்டா நார்த்வெஸ்டோடும், யுனைடெட் கான்டினென்டலோடும், அமெரிக்கன் யு.எஸ். ஏர்வேஸோடும் இணைந்தபிறகு இருக்கைகளை அளந்து விடத் தொடங்கினார்கள். விமானம் நிறைந்து பறக்கும்போது யார் பேரத்துக்கு வருவார்கள்?

இப்போது மிச்சம் இருப்பது அதன் தம்பி. பிரைஸ்லைனில் 'எக்ஸ்பிரஸ் டீல்', அதேபோன்ற ஹாட்வயர் தளத்தில் 'ஹாட் ரேட்' என்று பெயர். விலையை அவர்களே சொல்வார்கள். நட்சத்திரமும் பகுதியும் தெரியும். ஓட்டல் பெயர் மட்டும் மறைந்திருக்கும். நம் ஊரில் சந்தை கலையும் நேரத்தில் தக்காளியைக் கூறு கட்டி வைப்பார்களே, அதே வியாபாரம். இன்றிரவு காலியாகக் கிடக்கும் அறையை நாளை விற்க முடியாது. ஆனால் பெயரைப் போட்டு விலையைக் குறைத்தால் முழு விலை கொடுத்தவர் சண்டைக்கு வருவார். அதனால் பெயரை மறைத்துக் கூறு கட்டுகிறார்கள். கூறில் கைவிட்டுப் பொறுக்க முடியாது, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

அந்தத் 'திருப்பிக் கொடுக்க முடியாது' என்பதற்கு ஒரு விலை உண்டு. அதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நியூயார்க்கில் பெயர் மறைந்த அறை ஓர் இரவுக்கு 140 டாலர், அதே தரத்தில் ரத்து செய்யக்கூடிய அறை 180 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அறை வாடகைக்கு வரி 14.75 சதவீதம், அதற்கு மேல் இரவுக்கு 3.50 டாலர். மூன்று இரவுக்கு முதலாவது 492.45, இரண்டாவது 630.15. ஓர் அறைக்கு மிச்சம் 137.70 டாலர். இனிப் பயணம் தள்ளிப்போனால்? முதலாவதில் 492 டாலரும் போச்சு. இரண்டாவதில் ஒரு காசு நஷ்டமில்லை. மிச்சமாகும் 137.70-ஐ 630.15-ஆல் வகுத்துப் பார்த்தால் கோடு 22 சதவீதத்தில் விழுகிறது. திட்டம் மாற ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு இருந்தால், விலை கூடிய அறைதான் உங்களுக்கு மலிவு. மூட்டு வலிக்கார அப்பா, புது நேர வித்தியாசம், ஐந்து வயதுக் குழந்தை. இன்றைய தேதிக்கு நான் ஐந்தில் ஒன்றுக்குக் குறைத்துப் பந்தயம் கட்ட மாட்டேன்.

அதனால் என் யோசனை: ரத்து செய்யக்கூடிய அறைகளை இப்போதே பதிந்து வைத்துவிடுங்கள். அப்பா அம்மா வந்து இறங்கி, தூக்கம் சரியாகி, "போகலாம்பா" என்று சொன்னபிறகு, பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது கூறு விலையைப் பாருங்கள். நல்ல வித்தியாசம் இருந்தால் அதை வாங்கிவிட்டு, பழையதைக் கெடு முடிவதற்குள் ரத்து செய்யுங்கள். கெடு ஓட்டலுக்கு ஓட்டல் மாறும், நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். விலை இறங்காவிட்டால் கையில் அறை இருக்கிறது. விலையை ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் கடைசித் திரையில் வரும் மொத்தத் தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 மே மாதத்திலிருந்து ஓட்டல்கள் கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்தே விலை காட்ட வேண்டும் என்று அமெரிக்காவில் விதி வந்திருக்கிறது. ஆனாலும் வரி தனியாக நிற்கலாம், கார் நிறுத்தும் காசும் தனி.

நீங்கள் ஐந்து பேர் என்பதையும் மறந்துவிடாதீர்கள். பெயர் மறைந்த அறை இரண்டு பெரியவர்களுக்கு என்ற கணக்கில்தான் வரும். ஒரே ஒரு பெரிய கட்டில் வந்து விழுந்தாலும் கேட்க முடியாது. இரண்டு அறை வேண்டுமென்றால் ஒரே பதிவில் இரண்டு என்று போடுங்கள். தனித்தனியாக வாங்கினால் அப்பா அம்மா ஒரு ஓட்டலில், நீங்கள் வேறு ஓட்டலில். ஓட்டலின் உறுப்பினர் புள்ளிகளும் பெரும்பாலும் கிடைக்காது, அதை விட்டுவிடுங்கள்.

இரண்டு அறை, ஏழு இரவு என்றால் பதினான்கு. உங்கள் 2,000 டாலரை வகுத்தால் அறைக்கு வரியோடு 143 டாலர்கூட இல்லை. ஜூன் மாத மன்ஹாட்டனுக்கு இது இழுபறிதான். நியூஜெர்சியில் எடிசன், ஐசலின் பக்கம் தங்கி, அங்குள்ள மெட்ரோபார்க் நிலையத்திலிருந்து ரயில் பிடித்தால் நேரே மன்ஹாட்டனின் பென் ஸ்டேஷனில் இறங்கலாம். ரயில் டிக்கெட் செலவைச் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மாலையில் ஓக் ட்ரீ ரோட்டில் அம்மாவுக்கு தோசை கிடைக்கும் என்பது என் சொந்த வாதம், கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கூறு வாங்க நல்ல இடம் வாஷிங்டன். வாரநாளில் அரசு வேலையாக வருகிறவர்களால் நிறையும் ஓட்டல்கள் வெள்ளி, சனி இரவுகளில் இளைத்துக் கிடக்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வர்ஜீனியாவில் இருக்கும் கிரிஸ்டல் சிட்டியில் அறை விழுந்தாலும் கவலையில்லை, ப்ளூ லைன் மெட்ரோ நேரே ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்குப் போகிறது. பெயர் மறைந்திருந்தாலும் ஊகிக்க ஒரு வழி உண்டு: அதே பகுதி, அதே நட்சத்திரம், அதே வாடிக்கையாளர் மதிப்பெண், நீச்சல் குளம் உண்டா இல்லையா என்பதைப் பெயரோடு இருக்கும் பட்டியலில் பொருத்திப் பாருங்கள். பல நேரம் ஒன்றிரண்டுதான் மிஞ்சும்.

நயாகராவில் மட்டும் இந்த விளையாட்டே வேண்டாம். 'நயாகரா ஃபால்ஸ்' என்ற பெயரில் நியூயார்க் மாநிலத்தில் ஓர் ஊர், எதிர்க்கரையில் கனடாவின் ஒன்டாரியோவில் இன்னோர் ஊர். அமெரிக்க சுற்றுலா விசாவை மட்டும் வைத்துக்கொண்டு இந்தியப் பாஸ்போர்ட்டோடு பாலம் தாண்ட முடியாது. கனடா விசா தனியாக வேண்டும். பெயர் தெரியாத, பணம் திரும்பாத அறை அக்கரையில் விழுந்தால், அருவிக்கு இந்தப் பக்கம் நின்று உங்கள் ஓட்டலை வேடிக்கை பார்க்கலாம்.

இனி விமான ஏலம். இது உண்மையிலேயே ஏலம்தான். பல நிறுவனங்கள் காலி பிசினஸ் இருக்கைகளை இப்படித் தள்ளிவிடுகின்றன. ஆனால் திரையில் நீங்கள் நகர்த்தும் தொகை பெரும்பாலும் ஓர் ஆளுக்கு, ஒரு பறப்புக்கு. 500 டாலர் என்று வைத்தால் இரண்டு பேருக்கு, வளைகுடாவில் விமானம் மாறுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் இரண்டு பறப்புக்கு, 2,000 டாலர். உங்கள் ஓட்டல் பணம் முழுவதும். ஆகவே டல்லாஸிலிருந்து வளைகுடாவரை உள்ள பதினான்கு மணி நேரத்துக்கு மேலான பறப்புக்கு மட்டும் கேளுங்கள். அங்கிருந்து சென்னை நான்கு மணி நேரம்தான், உட்கார்ந்தே போகலாம். 'வாய்ப்பு அதிகம்' என்று பச்சையில் காட்டும் முள்ளை நம்பி ஏற்றிக்கொண்டே போகாதீர்கள், அதை வைத்திருப்பவர் விற்பவர். குறைந்தபட்சத் தொகைக்குச் சற்று மேலே வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். ஏற்றுக்கொண்டால் பணம் திரும்பாது, ஏற்காவிட்டால் கார்டில் எடுக்க மாட்டார்கள்.

அப்பாவின் மூட்டு அவ்வளவு மோசமென்றால் ஏலத்தை நம்ப வேண்டாம். முடிவு பெரும்பாலும் கடைசி ஓரிரு நாளில்தான் வரும், அவருக்குக் கால் நீட்ட இடம் உறுதியாக வேண்டும். டிக்கெட்டைப் பிரீமியம் எகானமிக்கு மாற்ற என்ன கேட்கிறார்கள் என்று இப்போதே போன் செய்து விசாரியுங்கள், அந்த நிறுவனத்தில் அது இல்லையென்றால் முன்வரிசைக் கால்நீட்டும் இருக்கைக்கு. அதே போனில் சக்கர நாற்காலியும் சொல்லிவிடுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது.