சீசர் அத்தைக்கு வழிகாட்டுவானா?

கேள்வி: எங்கள் வீட்டில் 10 மாத ஆண் லாப்ரடார் இருக்கிறான், பெயர் சீசர். அத்தைக்கு (மாமியார்) 68 வயது. சர்க்கரையால் விழித்திரை கெட்டு ஒரு கண்ணில் பார்வையே இல்லை, இன்னொன்றில் நிழலாட்டமாகத்தான் தெரிகிறது. தெருமுனைக் கோயிலுக்குப் போவதைக்கூட நிறுத்திவிட்டார். கண் தெரியாதவர்களை நாய்கள் ரோடு தாண்ட வைக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, சீசரையும் அப்படிப் பழக்கலாம் என்று என் கணவர் ஆசைப்படுகிறார். 3 மாதம் தன்னிடம் விட்டால் ‘சர்வீஸ் டாக்’ ஆக்கித் தருவதாக ஒரு பயிற்சியாளர் சொல்ல, முன்பணமும் கொடுத்துவிட்டோம். ஆனால் சீசரோ யார் வந்தாலும் மேலே தாவுகிறான், வெளியே கூட்டிப்போனால் இழுத்துக்கொண்டு ஓடுகிறான். வீட்டில் ஒரு செருப்பு உருப்படியாக இல்லை. அத்தைக்குத் திடீரென்று சர்க்கரை இறங்கினால் நாய் முன்கூட்டியே மோப்பம் பிடித்துச் சொல்லும் என்கிறார்களே, அதுவும் முடியுமா? ‘ராஜபாளையம் வாங்கியிருக்கணும்’ என்று கொழுந்தனார் வேறு குத்திக்காட்டுகிறார். 7 வயது மகனும் இருக்கிறான். சீசரை அனுப்பலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்:

அனுப்ப வேண்டாம். சீசர் உங்கள் அத்தையை ரோட்டில் கூட்டிப்போகும் நாயாக மாட்டான். 3 மாதத்தில் ஆக்கித் தருகிறேன் என்பவருக்கு அந்த வேலை என்னவென்று தெரியவில்லை, அல்லது தெரிந்தே சொல்கிறார். ஆனால் வீட்டுக்குள் அத்தைக்கு அவன் உதவ முடியும், நீங்கள் நினைப்பதைவிட நன்றாகவே.

வீடியோவில் தெரியாத ஒரு விஷயம் உண்டு. வழிகாட்டி நாய்க்கு வழி தெரியாது. கோயில் எங்கே, மருந்துக்கடை எங்கே, எந்த முக்கில் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் கூடப்போகிற மனிதரின் தலைக்குள் இருக்க வேண்டும். ‘நேரே’, ‘இடது’, ‘வலது’ என்று அவர்தான் சொல்வார். சிக்னலையும் நாய் பார்ப்பதில்லை. சிவப்பும் பச்சையும் அதன் கண்ணுக்குப் பெரிதாக வித்தியாசப்படாது. வண்டிச் சத்தத்தைக் கேட்டு எப்போது தாண்டலாம் என்று தீர்மானிப்பதும் மனிதர்தான். நாயின் வேலை வேறு. பள்ளம் வந்தால் நிற்க வேண்டும், படி வந்தால் நிற்க வேண்டும். தான் குனியாமலே நுழைந்து போகக்கூடிய கடைப்பலகை கூட வருபவரின் நெற்றியில் இடிக்கும் என்று கணக்குப் போட்டு ஒதுங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘போ’ என்று எஜமானர் சொல்லும்போது எதிரே வண்டி வந்தால், அந்தச் சொல்லை மீறி அசையாமல் நிற்க வேண்டும். சொன்னதைக் கேட்கப் பழக்குவது சுலபம். எப்போது கேட்கக் கூடாது என்று பழக்குவதில்தான் காலம் போகிறது.

இதற்கென்று முறையான பள்ளி முதலில் வந்தது ஜெர்மனியில். முதல் உலகப் போரில் கண்ணிழந்த சிப்பாய்களுக்காக 1916-ல் ஓல்டன்பர்க் நகரத்தில் தொடங்கினார்கள். 1928-ல் மோரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்ற அமெரிக்க இளைஞர் சுவிட்சர்லாந்துக்குப் போய் பட்டி என்ற ஜெர்மன் ஷெப்பர்ட் நாயுடன் பயிற்சி எடுத்துத் திரும்பினார். நியூயார்க்கின் நெரிசலான சாலையைப் பத்திரிகைக்காரர்கள் கண்முன்னால் தாண்டிக் காட்டினார். அடுத்த வருடமே அமெரிக்காவிலும் பள்ளி வந்துவிட்டது. இன்று அந்த மாதிரிப் பள்ளிகளில் குணம் பார்த்து, இடுப்பெலும்பு பார்த்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த ஜோடிகளில் பிறந்த குட்டிகள்தான் வருகின்றன. சுமார் 8 வாரத்தில் ஒரு வளர்ப்புக் குடும்பத்துக்குப் போகும். ஒரு வயது தாண்டி ஓரிரு மாதத்தில் பள்ளிக்குத் திரும்பும். பிறகு மாதக்கணக்கில் பயிற்சி. அப்புறம் யாருக்குப் பொருந்தும் என்று பார்த்து, இருவரையும் சேர்த்து வைத்துச் சில வாரப் பயிற்சி. நாய்க்கு இரண்டு வயது ஆகிவிடும். இத்தனைக்கும் பிறகு கணிசமான நாய்கள் ‘இந்த வேலைக்கு ஆகாது’ என்று வீட்டுநாயாகப் போய்விடுகின்றன. பட்டாசுச் சத்தத்துக்கு மிரளுவது, பூனையைக் கண்டால் மனசு அலைவது, இதுவே போதும் தேர்விலிருந்து விலக்க.

நம் ஊர்த் தெருவையும் நினைத்துப் பாருங்கள். நடைபாதை இருந்தால் அதில் பைக் நிற்கும். இரண்டு தெருவுக்கு ஒரு கூட்டம் தெருநாய் தன் எல்லைக்காகப் பாய்ந்து வரும். முழுப்பயிற்சி பெற்ற நாயே தடுமாறும் இடத்தில், 10 மாதப் பையனை நம்பி அத்தையை இறக்கிவிடாதீர்கள்.

அத்தைக்கு இப்போது வேண்டியது வெள்ளைக் கோல், அதை வைத்து நடக்கும் பயிற்சி. வழிகாட்டி நாய் கொடுக்கும் பள்ளிகளே, தனியாக நடமாடத் தெரிந்தவருக்குத்தான் நாயைத் தரும். அரவிந்த் போன்ற பெரிய கண் மருத்துவமனைகளில் பார்வை மறுவாழ்வுக்கு என்றே பிரிவு இருக்கிறது. பூந்தமல்லியில் பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. மிச்சமிருக்கும் பார்வையை எப்படிப் பயன்படுத்துவது, படியை எப்படி அறிவது என்று சொல்லிக்கொடுப்பார்கள். கோயிலுக்கு மறுபடி போகும் வழி அங்கேதான் இருக்கிறது.

இனி சீசர். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது செருப்பு இல்லை, தாவுவதுதான். 25, 30 கிலோ எடையுள்ள நாய் பார்வை குறைந்த 68 வயதுக்காரர் மேல் பாசத்தோடு பாய்ந்தால் இடுப்பெலும்பு முறியும். குறுக்கே படுத்துக் கிடந்தாலும் அதே கதிதான். ஆகவே இன்றே மூன்று காரியம். சீசரின் கழுத்துப் பட்டையில் ஒரு சின்ன மணி கட்டுங்கள். அவன் எங்கே இருக்கிறான் என்று அத்தைக்குக் காதால் தெரியட்டும். தரையின் நிறத்துக்கு எடுப்பாகத் தெரியும் ஒரு துணியையும் பட்டையோடு கட்டுங்கள். க்ரீம் கலர் டைல்ஸில் மஞ்சள் லாப்ரடார் படுத்திருந்தால் நமக்கே சட்டென்று தெரியாது. மூன்றாவது, அத்தையின் அறை வாசலில் குழந்தைகளுக்குப் போடும் தடுப்பு ஒன்று. தாவும் பழக்கம் நிற்கும்வரை நீங்கள் பக்கத்தில் இல்லாமல் அவர்கள் இருவரையும் ஒரே அறையில் விடாதீர்கள்.

தாவுவதை நிறுத்த அடி வேண்டாம், முழங்காலால் நெஞ்சில் இடிக்கவும் வேண்டாம். கையால் தள்ளினால் அதை விளையாட்டு என்றே எடுத்துக்கொள்வான். தாவினால் பேசாமல் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ளுங்கள். நாலு காலும் தரையில் பட்ட அதே நொடியில் தீனி, கொஞ்சல், எல்லாம். விருந்தாளி வந்தால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார வைத்துப் பழக்குங்கள். எல்லாரும் ஒரே மாதிரி நடந்துகொண்டால் சில வாரத்தில் மாற்றம் தெரியும். ‘பரவாயில்லை விடுங்க, எனக்கு நாய்னா பிடிக்கும்’ என்று கட்டிப்பிடிக்கும் ஒரு மாமா போதும், பழையபடி ஆகிவிடும். அந்த மாமாவுக்குத்தான் முதல் பயிற்சி.

அவனுக்கென்று ஒரு சாக்கு அல்லது பழைய பாயை சுவரோரமாக, யாரும் நடக்காத இடத்தில் போடுங்கள். அதன்மேல் கால் வைத்தால் தீனி, படுத்தால் இன்னும் தீனி. பிறகு ‘பாய்க்குப் போ’ என்று சொல்லிப் பழக்குங்கள். தமிழோ ஆங்கிலமோ, வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொன்னால் சரி. கணவர் ‘டவுன்’, நீங்கள் ‘படு’, பையன் ‘ஸ்லீப்’ என்றால் அவன் என்ன செய்வான், பாவம்.

தீனி என்றதும் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள். வேகவைத்த கோழி, உப்பில்லாமல், கடலைப் பருப்பு அளவுத் துண்டு, அல்லது கேரட். அதைச் சாப்பாட்டு அளவில் கழித்துவிடுங்கள். லாப்ரடார் சாப்பாட்டுக்கு அலைவதற்கு உடம்பிலேயே காரணம் இருக்கிறது. வயிறு நிறைந்ததைச் சொல்லும் பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு துண்டு, ஏறக்குறைய கால்வாசி லாப்ரடார்களுக்கு இல்லை என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-ல் கண்டார்கள். உதவி நாய்களாக வேலை செய்யும் லாப்ரடார்களில் அந்தக் குறை இன்னும் அதிகம். பசி தீராத நாய்தான் சுலபமாகப் பழகுகிறது போலிருக்கிறது. உடம்பு பெருத்தால் மூட்டு போகும் என்பதும் அதே நாய்க்குத்தான்.

கயிற்றை இழுப்பதற்கு: இழுத்தால் நின்றுவிடுங்கள். கயிறு தளர்ந்தால் நடங்கள். முதல் வாரம் தெருமுனையைத் தாண்ட மாட்டீர்கள், பரவாயில்லை. ஈரோட்டு வெயிலில் காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். மற்ற நேரமானால் புறங்கையைத் தார்ரோட்டில் சில நொடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அவனுக்கும் சுடும்.

இப்போது செருப்பு விஷயம். கண்டதையெல்லாம் வாயில் கவ்வுகிற நாய்தான் பொருள் எடுத்துக் கொடுக்கும் வேலைக்குத் தோதானது. லாப்ரடார்களை வளர்த்ததே மீனவர்களுக்கும் வேட்டைக்காரர்களுக்கும் பொருளைச் சேதமில்லாமல் கொண்டுவந்து கொடுக்கத்தான். அவன் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது துரத்தாதீர்கள். துரத்தினால் அது விளையாட்டாகிவிடும். மூக்குக்கு முன்னால் தீனியை நீட்டுங்கள், செருப்பு கீழே விழும். ஒரு பழைய துண்டைச் சுருட்டிக் கட்டி அதில் ஆரம்பியுங்கள். வாயில் எடுத்தால் தீனி. அடுத்து, எடுத்துக்கொண்டு ஓரடி வந்தால் தீனி. பிறகு உள்ளங்கையில் கொண்டுவந்து வைத்தால்தான் தீனி. இந்தக் கடைசிப் படியில் விட்டுக்கொடுக்காதீர்கள். காலடியில் போட்டுவிட்டுப் போனால் அத்தைக்குத் தெரியாது, அதுவே தடுக்கிவிடும். இது பழகியபின் ‘எடு’, ‘குடு’ என்ற சொற்கள். துண்டு சரியாக வந்ததும் கண்ணாடிக்கூடு, துணி உறை போட்ட போன், அத்தையின் செருப்பு என்று ஒவ்வொன்றாக. ஒரு நேரத்தில் 5 நிமிடம் போதும், நாளைக்கு இரண்டு மூன்று தடவை. அவன் சலிக்கும் முன் நீங்கள் நிறுத்துங்கள்.

வெள்ளைக் கோலை மட்டும் தனியாகப் பழக்க வேண்டும். லாப்ரடாருக்கு அது அருமையான குச்சி. முதலில் தரையில் கிடக்கும் கோலைக் கண்டும் காணாமல் இருந்தால் தீனி. பிறகு யாராவது அதை ஆட்டிக்கொண்டு நடக்கும்போது சும்மா இருந்தால் தீனி.

மாத்திரை டப்பாவை எடுத்துவரச் சொல்லிப் பழக்கவே கூடாது. சர்க்கரை மாத்திரைப் பட்டையைக் கடித்தால் நாய்க்கு உயிராபத்து. ‘சுகர் ஃப்ரீ’ மிட்டாய், சூயிங்கம் வீட்டில் இருந்தால் பெட்டியில் பூட்டுங்கள். சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிட்டால் என்ற இனிப்பு கலந்ததாக இருந்தால் கொஞ்சம் உள்ளே போனாலே நாயின் சர்க்கரை சரிந்து கல்லீரலும் கெடும். தெரியாமல் தின்றுவிட்டால் காத்திருக்காமல் கால்நடை டாக்டரிடம் ஓடுங்கள்.

உங்கள் மகனுக்கும் வேலை இருக்கிறது. அத்தை கட்டிலில் உட்காரட்டும், பையன் அடுத்த அறையில். இருவர் கையிலும் தீனி. பையன் கூப்பிட்டால் சீசர் போய் அவன் உள்ளங்கையை மூக்கால் தொட வேண்டும், அத்தை கூப்பிட்டால் திரும்பி வர வேண்டும். குழந்தைக்கு இது விளையாட்டு, நாய்க்கும் விளையாட்டு. சில நாளில் பையன் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, அத்தை ‘போய்க் கூப்பிடு’ என்றால் சீசர் ஓடிவந்து கையைத் தொடும்படி செய்யலாம். பிறகு பையன் இருந்த இடத்தில் நீங்கள் இருங்கள். கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருக்கும் உங்கள் கையில் ஈரமூக்கு பட்டால் அத்தை கூப்பிடுகிறார் என்று அர்த்தம். வெளிநாட்டில் ‘உதவி நாய்’ என்று சொல்லிச் செய்வதில் பாதி இதுதான். பையனையும் சீசரையும் தனியாக மட்டும் விடாதீர்கள், சாப்பிடும்போது தொந்தரவு செய்யக் கூடாது என்றும் சொல்லிவையுங்கள்.

சர்க்கரை இறங்குவதை மோப்பத்தில் கண்டுபிடிக்கும் நாய்கள் உண்டு. அப்போது மூச்சின் வாசனை மாறுகிறது. ஆனால் ஆய்வுகளில் நாய்க்கு நாய் துல்லியம் பெரிய அளவில் வேறுபடுகிறது. சீசரின் மூக்கை நம்பி அத்தையை விட முடியாது. தலைமாட்டில் குளுக்கோமீட்டர் இருக்கட்டும், டாக்டர் சொன்ன நேரத்துக்குப் பாருங்கள்.

கொழுந்தனாருக்கு ஒரு வார்த்தை. ராஜபாளையம் அருமையான நாய், 2005-ல் தபால்தலையே வெளியிட்டார்கள். ஆனால் அது வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டது. தானாக முடிவெடுக்கும், ஓடுவதைப் பார்த்தால் துரத்தும், அந்நியரை அண்டவிடாது. அந்த இனத்தில் காது கேளாத குட்டிகளும் பிறப்பதுண்டு. ஆள் போய்வரும் வீட்டில், பெரியவருக்கு ஒத்தாசையாக வேண்டுமென்றால் உங்களிடம் இருப்பதே சரியான இனம்.

முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால், அதே பணத்துக்கு வாரம் ஒரு நாள் உங்கள் வீட்டுக்கு வந்து உங்கள் முன்னாலேயே பழக்கச் சொல்லுங்கள். நாயைத் தனியாக எடுத்துப்போய்ப் பழக்கினால் அது அவர் பேச்சைத்தான் கேட்கும். வரும்போது பையில் என்ன கொண்டுவருகிறார் என்று பாருங்கள். முள் பட்டையோ ஷாக் கொடுக்கும் பட்டையோ இருந்தால் பணம் போனாலும் போகட்டும், கதவைச் சாத்திவிடுங்கள்.