மானிட்டர் பக்கம் நான் போவதில்லை: வாசகர் கேள்விகளுக்கு ஒரு குணச்சித்திர நடிகரின் பதில்கள்

கேள்வி: உங்கள் வீட்டில் யாருமே கலைத்துறையில் இல்லை என்கிறீர்கள். அப்புறம் நடிப்பு எங்கிருந்து வந்தது?

தையல் கடையிலிருந்து. அப்பா தையல்காரர். இடுப்பில் டேப்பைச் சுற்றினால் போதும், வந்தவர் யாராக இருந்தாலும் வயிற்றை எக்கிக்கொள்வார். அப்பா அவசரப்பட மாட்டார். "பையன் என்ன படிக்கிறான்?" என்று பேச்சுக் கொடுப்பார், அவர் பதில் சொல்ல ஆரம்பித்ததும் மூச்சு இறங்கி வயிறு தன் இடத்துக்கு வந்துவிடும், அப்போதுதான் அளவைச் சொல்வார், நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். ஒரு தோள் இறங்கியிருந்தால் சட்டையிலேயே அதைச் சரிக்கட்டித் தைத்துவிடுவார், அந்த ஆளிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சின்ன வயதிலேயே பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் சேர்ந்து பாட்டு, வசனம், நடை எல்லாம் கண்டிப்பான வாத்தியார்களிடம் கற்றவர்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆனால் மனிதர்களை உற்றுப் பார்க்கவும், பார்த்ததை வைத்து யாரையும் மட்டம் தட்டாமல் இருக்கவும் அந்தக் கடையில்தான் கற்றுக்கொண்டேன்.

கேள்வி: திரையில் உங்களைப் பார்த்தால் உங்களுக்குப் பிடிக்குமா?

பழகிவிட்டது. பிடிக்கிறது என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை. இது எனக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. கண்ணாடியில் நாம் பார்ப்பது இடம் வலம் மாறிய முகம். கேமரா காட்டுவதுதான் ஊரே தினமும் பார்க்கும் முகம், நமக்கு மட்டும் அது புதுசு. குரலும் அப்படித்தான். பேசும்போது நம் குரல் காற்று வழியாகவும் மண்டை எலும்பு வழியாகவும் நமக்குக் கேட்கிறது, அதனால் கனமாக இருக்கும். பதிவு செய்ததைக் கேட்டால் எலும்பு வழி வரும் பங்கு இல்லாததால் மெலிசாகத் தெரியும். டப்பிங் தியேட்டரில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தன் குரலை முதல் தடவை கேட்கும் பிள்ளைகளின் முகம் வாடிப்போவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் நான் இதைத்தான் விளக்கிச் சொல்வேன்.

இப்போதெல்லாம் ஷாட் முடிந்ததும் எடுத்ததைப் போட்டுக் காட்டும் மானிட்டருக்கு எல்லோரும் ஓடுகிறார்கள். நான் போவதில்லை. அங்கே தன் மூக்கைப் பார்த்துவிட்டு வருகிறவர் அடுத்த டேக்கில் மூக்கை மறைக்கத்தான் பார்ப்பார், எதிரில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்பது காதில் விழாது. டேக் சரியா இல்லையா என்று சொல்ல இயக்குநர் இருக்கிறார்.

கேள்வி: அழும் காட்சியில் எதை நினைத்து அழுவீர்கள்?

நினைக்க அவகாசம் ஏது? முகத்தை மட்டும் நெருக்கமாகக் காட்டும் க்ளோஸ் எடுக்கும்போது பல நேரம் எதிரில் ஆளே இருக்க மாட்டார். நான் பார்க்க வேண்டிய இடம் என்று லென்ஸ் ஓரத்தில் ஒட்டிய டேப் துண்டுதான் கதையில் என் மகள், உதவி இயக்குநர் வசனத்தைப் படிப்பார், முந்தின காட்சியை அடுத்த மாதம்தான் எடுப்பார்கள். அதனால் மற்றவர்களுக்கு க்ளோஸ் வைக்கும்போது நான் கேரவனுக்குப் போகாமல் கேமரா பக்கத்திலேயே நின்று என் வசனத்தை முழுசாகப் பேசிவிடுவேன். பேசுகிறவர் நிஜமாகப் பேசினால் கேட்கிறவருக்குக் கண் தானாகக் கலங்கும்.

கேள்வி: நான் கருப்பு, கன்னத்தில் பருத் தழும்புகள் வேறு. நடிக்க ஆசை, ஆனால் கண்ணாடியைப் பார்த்தால் தைரியம் போய்விடுகிறது அண்ணா.

தங்கச்சி, பொய் சொல்ல மாட்டேன். இங்கே நிறம் பார்க்கிறார்கள், பெண்கள் என்றால் இன்னும் அதிகமாகப் பார்க்கிறார்கள். கருப்பான பெண் வேடத்துக்குக்கூடச் சிவப்பான ஒருவரைக் கூட்டிவந்து கருப்பு மேக்கப் போடுகிற அநியாயம் இங்கே நடந்திருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. குறை அவர்கள் கண்ணில், உங்கள் கன்னத்தில் இல்லை.

நாகேஷ் முகத்தில் அம்மைத் தழும்பு இருந்தது. 1964இல் சர்வர் சுந்தரத்தில் அவர்தான் நாயகன். அடுத்த வருடம் திருவிளையாடல் தருமி. பாட்டு எழுதத் தெரியாமல் கோயிலில் தனியாகப் புலம்புவாரே, அந்தக் காட்சியைச் சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு தடவை பாருங்கள். கையும் காலும் இடுப்பும் பேசும், தழும்பு ஞாபகத்துக்கே வராது. சிவாஜியையே, 1952இல் வெளிவந்த பராசக்தியை எடுக்கும்போது ஒல்லியாக இருக்கிறார், ஆளை மாற்றலாம் என்றார்கள். தயாரிப்பாளர் பி.ஏ. பெருமாள் விடாப்பிடியாக நின்றதால்தான் அவர் அந்தப் படத்தில் நிலைத்தார். அப்படி ஒருவர் நமக்காக நிற்க வேண்டுமென்றால் நம் வேலையை அவர் பார்த்திருக்க வேண்டும் இல்லையா?

அதனால் வாய்ப்பு வாங்கித் தருகிறேன், போட்டோ ஆல்பம் போடலாம் என்று யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். நாடகத்துக்குப் போங்கள். ந. முத்துசாமி 1977இல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் பயிற்சி பெற்றவர்தான் நடிகர் பசுபதி. உங்கள் ஊரிலோ கல்லூரியிலோ ஒரு சின்னக் குழு இருந்தாலும் போதும். வேடம் கிடைக்கும்வரை திரைச்சீலை இழுங்கள், மற்றவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுங்கள், ஒத்திகையை ஒருநாளும் விடாதீர்கள். முதல் வேடம் என்னவென்று எனக்கு எழுதுங்கள்.