லேப்டாப்பை விற்கப் போகிறேன். டிஸ்க்கை முழுவதும் அழித்து விண்டோஸை மறுபடி நிறுவுவது எப்படி? ஃபார்மட் செய்தால் போதுமா?

குவிக் ஃபார்மட் போதாது. அது கோப்புகளின் அட்டவணையை மட்டும் புதிதாக்கும். தரவு அப்படியே கிடக்கும், மீட்பு மென்பொருள் அதை எடுத்துவிடும்.

பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் குவிக் ஃபார்மட் டிக்கை நீக்கிவிட்டு முழு ஃபார்மட் செய்யுங்கள். விண்டோஸ் விஸ்டா பதிப்பிலிருந்து அது டிஸ்க் முழுக்கப் பூஜ்ஜியம் எழுதுகிறது. 1 டிபி என்றால் சில மணி நேரம் ஆகும். ஒருமுறை எழுதினால் போதும். 7 முறை, 35 முறை என்பதெல்லாம் வீண் வேலை.

எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டு இல்லாமல் சிப்களில் சேமிக்கும் டிஸ்க்) இந்த வழி சரிவராது. எழுதும் இடத்தை அதன் கன்ட்ரோலரே மாற்றிக்கொண்டிருப்பதால், உபரி செல்களில் பழைய தரவு தங்கிவிடலாம். பயாஸிலோ (விண்டோஸுக்கு முன்பே வரும் லேப்டாப்பின் அமைப்புத் திரை), டிஸ்க் தயாரிப்பாளரின் மென்பொருளிலோ உள்ள செக்யூர் இரேஸ்தான் (டிஸ்க்கே தன்னை முழுவதும் அழித்துக்கொள்ளும் கட்டளை) சரி. பெரும்பாலும் நிமிடங்களில் முடியும்.

நிறுவ, 8 ஜிபி பென் டிரைவில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் மூலம் விண்டோஸை ஏற்றி, அதிலிருந்து பூட் செய்யுங்கள். வெளி டிஸ்க்குகளை முதலிலேயே கழற்றிவிடுங்கள். தவறான டிஸ்க்கை அழிப்பது இங்கேதான் நடக்கும். டிஸ்க்கில் மிச்சமுள்ள பார்டிஷன்களை எல்லாம் நீக்கி, காலி இடத்தைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் கொடுத்தால் மற்றதை அதுவே பிரித்துக்கொள்ளும். கீ கேட்டால் 'என்னிடம் இல்லை' கொடுத்து, முன்பிருந்த அதே பதிப்பை (ஹோம் அல்லது ப்ரோ) தேர்ந்தெடுங்கள். டிஜிட்டல் லைசென்ஸ் (அந்த லேப்டாப்போடு இணைந்த விண்டோஸ் உரிமம்) இருந்தால் இணையம் வந்ததும் ஆக்டிவேட் ஆகிவிடும்.

நிறுவும்போது டிஸ்க்கே தெரியவில்லையா? இன்டெல் விஎம்டி (டிஸ்க்கை நிர்வகிக்கும் இன்டெல் வசதி) டிரைவர் இல்லாதது காரணமாக இருக்கலாம். லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கி, பென் டிரைவில் போட்டு, 'லோட் டிரைவர்' கொடுங்கள்.