வெளிப்புற மரத்தளத்துக்கு எந்த எண்ணெய் ஸ்டெய்ன் நல்லது?

எண்ணெய் ஸ்டெய்ன் என்பது மரத்துக்குள் ஊறி நிறம் தரும் எண்ணெய்க் கலவை. பெயிண்ட் மேலே படலமாக நிற்கும். மருதாணிக்கும் நகச்சாயத்துக்கும் உள்ள வித்தியாசம்தான்: நகச்சாயம் உரியும், மருதாணி மெல்ல மங்கும்.

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, இடையிடையே கொளுத்தும் வெயில். மரம் ஊறி உப்பும், காய்ந்து சுருங்கும். படலம் ஈடுகொடுக்காமல் வெடிக்கும். வெடிப்பில் புகுந்த நீர் வெளியேற வழியின்றி மரத்தை அழுக வைக்கும்.

சரி, எந்த நிறம்? நிறமற்றது அழகுதான், ஆனால் புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் தடுப்பது நிறத்துகள்களே. அதனால் தரைவீட்டுத் தளத்துக்கு, மரத்தின் ரேகை தெரியும் அளவு பழுப்பு நிறத்தையே நான் சொல்வேன். பூஞ்சைத் தடுப்பு சேர்ந்திருக்கிறதா என்று டப்பாவில் கட்டாயம் பாருங்கள்; நம் ஈரப்பதத்தில் அது இல்லாவிட்டால் தளம் சீக்கிரம் கறுக்கும். பூசும் முன் நீர் தெளியுங்கள். முத்தாக நின்றால் மரம் எண்ணெயையும் குடிக்காது. அப்புறம், எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கலாம். நீரில் நனைத்து வையுங்கள்.

தடிமனாகப் பூசினால் கூடுதல் காலம் உழைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள்; மரம் குடிக்காத எண்ணெய் மேலே பிசுபிசுப்பாகத்தான் தங்கும், அதைத் துடைத்தெடுக்க வேண்டும்.