வாசகர் கேள்வி–பதில்: கஞ்சாக் கடை வேண்டாம் என்று நகரசபை சொல்லலாமா?

கேள்வி: கனடாவில் கஞ்சா சட்டபூர்வமாகிப் பல ஆண்டுகள் கடந்துவிட்டன. நாங்கள் வசிக்கும் மார்க்கம் நகரில் கஞ்சாக் கடை எதுவும் இல்லை. ஸ்டீல்ஸ் வீதியைக் கடந்து ஸ்காபரோவுக்குள் போனால் இருக்கின்றன. நாட்டுச் சட்டம் அனுமதித்த ஒன்றை ஒரு நகரசபை எப்படித் தடுக்க முடியும்? இந்த நகரில் அதை வைத்திருப்பது குற்றமா? இருபது வயது மகனோடு வீட்டில் இதைப் பற்றி ஓயாத வாக்குவாதம்.
— ஒரு தாய், மார்க்கம்

பதில்: வீட்டு வாக்குவாதத்தை முதலில் தீர்த்துவிடுவோம். உங்கள் மகன் 19 வயதைக் கடந்தவர் என்பதால், மார்க்கத்திலும் சரி, ஒன்ராறியோவின் வேறெந்த ஊரிலும் சரி, 30 கிராம் வரையான உலர்ந்த கஞ்சாவை அவர் பொது இடத்தில் தம்வசம் வைத்திருப்பது குற்றமாகாது. 2018 ஒக்டோபர் 17ஆம் திகதி நடைமுறைக்கு வந்த கஞ்சாச் சட்டம் மத்திய அரசின் சட்டம். அதை மாற்றும் அதிகாரம் எந்த நகரசபைக்கும் கிடையாது. உங்கள் நகரசபை மறுத்தது கடையை மட்டுந்தான். கடை இல்லாத ஊருக்கும் மாகாண அரசின் இணைய விற்பனை நிலையத்திலிருந்து பொதி வந்து சேரும்; வயதை உறுதிப்படுத்திக்கொண்டு வாசலில் கையளிப்பார்கள். வீடொன்றில் நான்கு செடிகள் வரை வளர்ப்பதையும் நகரசபையால் தடுக்க இயலாது, ஆனால் வாடகை ஒப்பந்தமோ கொண்டோ எனப்படும் அடுக்குமாடிக் குடியிருப்பின் விதிகளோ தடுக்கலாம்.

மகனிடம் நீங்கள் வற்புறுத்திச் சொல்ல வேண்டியவை வேறு. 18 வயதுக்குக் குறைந்த தம்பிக்கோ தங்கைக்கோ நண்பருக்கோ அதைக் கொடுத்தால், அது 14 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய குற்றம். அத்துடன், புகையிலை புகைக்கக்கூடிய இடங்களில் கஞ்சாவும் புகைக்கலாம் என்று மாகாணச் சட்டம் பொதுவாக அனுமதித்தாலும், அதைவிடக் கடுமையான உபவிதியை நகரசபை இயற்றலாம். மார்க்கம் அவ்வாறே பொது இடங்களில் கஞ்சா புகைப்பதற்குத் தடை விதித்தது.

கடையை மறுக்கும் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நகரசபைகளின் எதிர்ப்பில் பாதி அதைக் கொண்டுவந்த அவசரத்தில்தான் பிறந்தது. கத்லீன் வின் தலைமையிலான முன்னைய மாகாண அரசு, மதுபானத்தை மாகாண அரசின் நிறுவனமான எல்.சி.பி.ஓ. விற்பதைப் போலவே கஞ்சாவையும் அரச கடைகளில் விற்கவும், 40 கடைகளில் தொடங்கி 2020க்குள் 150 ஆக உயர்த்தவும் திட்டமிட்டிருந்தது. 2018 ஜூனில் ஆட்சிக்கு வந்த டக் போர்ட் அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, தனியார் கடைகள் வரும் என ஓகஸ்ட் மாதத்தில் அறிவித்தது. தனியார் கடைகளுக்கான சட்டம் ஒக்டோபர் 17இல் நிறைவேறியது. ஐந்து நாட்களில் மாகாணம் முழுவதும் நகரசபைத் தேர்தல். புதிய உறுப்பினர்கள் பதவியேற்றது டிசம்பர் 1இல். கடை வேண்டாம் என்று விலகுவதற்கான கடைசி நாளோ 2019 ஜனவரி 22. நத்தார் விடுமுறையும் குறுக்கிட்ட அந்த ஏழு வாரங்களுக்குள், முதன்முறையாகச் சபைக்கு வந்தவர்கள் உட்பட எல்லோரும் மக்கள் கருத்தைக் கேட்டு வாக்களிக்க வேண்டியிருந்தது. எதுவுமே செய்யாத நகரசபை சம்மதித்ததாகவே கொள்ளப்பட்டது. விலகியவர்கள் பின்னர் எப்போது வேண்டுமானாலும் சேரலாம், சேர்ந்தவர்களோ பிறகு விலகவே முடியாது என்பதும் சட்டத்தில் இருந்தது. இப்படியொரு நிபந்தனையின் கீழ், "இப்போதைக்கு வேண்டாம்" என்று சொல்வது பொறுப்பான முடிவுதான் என்பது என் கருத்து. 414 நகரசபைகளில் 77 அவ்வாறு விலகின. மார்க்கம், ரிச்மண்ட் ஹில், வாகன், மிசிசாகா ஆகியவை அவற்றுள் பெரியவை. ஸ்காபரோவை உள்ளடக்கிய ரொறன்ரோவும் பிரம்டனும் சம்மதித்தன. உங்கள் வீட்டுக்கும் ஸ்காபரோவுக்கும் உள்ள வேறுபாட்டின் கதை இதுதான்.

கேள்வி: மிசிசாகா முதலில் மறுத்துவிட்டுப் பின்னர் சம்மதித்தது பணத்துக்காகத்தானே?
— ஒரு வாசகர், மிசிசாகா

பதில்: பணமும் ஒரு காரணம், ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்குப் பெரிய பணம் அல்ல. நகரசபைகளின் தொடக்கச் செலவுக்கென மாகாணம் இரண்டு ஆண்டுகளில் 4 கோடி டொலர் ஒதுக்கியது. அதன் முதற்பகுதி குடும்பங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப எல்லோருக்கும் கிடைத்தது. இரண்டாம் பகுதியில் விலகியவர்களுக்கு 5,000 டொலருக்கு மேல் இல்லை. ஏழு இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழும் நகரின் வரவு செலவில் இது எம்மாத்திரம்?

2018 டிசம்பரில் விலகிய மிசிசாகா 2023 ஏப்ரலில் மனம் மாறியதற்கு வலுவான காரணம், கடையை மறுத்ததனால் விற்பனை நிற்கவில்லை என்பதே. மாகாணத்தில் உரிமம் பெற்ற கடைகள் ஆயிரத்தைத் தாண்டிவிட்ட நிலையில், அயல் நகரங்களில் சட்டப்படி கிடைத்தது; உள்ளூரில் உரிமமில்லாதவர்கள் விற்றார்கள். அவர்கள் எவருடைய வயதையும் கேட்பதில்லை. அவர்கள் விற்கும் பொருளை எந்த ஆய்வுகூடமும் பரிசோதிப்பதில்லை. உரிமம் பெற்ற கடையிலோ 19 வயதுக்குக் குறைந்தவர் உள்ளே நுழையவே முடியாது. பிள்ளைகளைக் காப்பதற்காகக் கடையை மறுக்கிறோம் என்று பேசும் பெற்றோரின் கவலையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அந்த மறுப்பு மட்டுமே பிள்ளைகளைக் காத்துவிடும் என்று என்னால் எழுத முடியாது.

கேள்வி: எங்கள் தெருமுனையில் கஞ்சாக் கடை வரப்போவதாகக் கண்ணாடியில் அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு கதவு தள்ளிக் குழந்தைகள் பராமரிப்பு நிலையம் இருக்கிறது. நகரசபை உறுப்பினரிடம் முறையிட்டால், தம்மால் எதுவும் செய்ய இயலாது என்கிறார். உண்மையா, அல்லது தட்டிக் கழிக்கிறாரா?
— ஒரு வாசகி, ஸ்காபரோ

பதில்: பெரும்பாலும் உண்மையே, அம்மா. நகரசபைகளின் எதிர்ப்பில் மிக நியாயமான பகுதியும் இதுதான். ஒரு மருந்தகமோ மதுச்சாலையோ எங்கே அமையலாம் என்பதை வலயப் பிரிப்பு விதிகளின் வழியே தீர்மானிக்கும் அதே நகரசபை, கஞ்சாக் கடைக்கு மட்டும் தனி வலயம் வகுக்கவோ, தனி வியாபார உரிமம் கேட்கவோ 2018ஆம் ஆண்டின் மாகாணச் சட்டம் இடம் தரவில்லை. ஊர் முழுவதற்கும் வேண்டும் அல்லது வேண்டாம் என்பதற்கு அப்பால் அதற்குப் பேச்சில்லை. சம்மதித்தபின், ஒரே வீதியில் எத்தனை கடைகள் வரலாம், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று கட்டளையிட இயலாது. ரொறன்ரோவின் குவீன் வீதி மேற்கில் சிறிது தூரத்துக்குள் அடுத்தடுத்துக் கடைகள் முளைத்தது இதனால்தான். பாடசாலையிலிருந்து 150 மீற்றர் தள்ளியிருக்க வேண்டும் என்ற விதி உண்டு. குழந்தைகள் பராமரிப்பு நிலையம், பூங்கா, நூலகம் ஆகியவை அந்த விதிக்குள் வரவில்லை. இந்த அதிகாரத்தை ஊர்களுக்குக் கொடுத்திருந்தால், விலகிய நகரசபைகள் பலவும் நிபந்தனையோடு சம்மதித்திருக்கும் என்றே நம்புகிறேன். கொடுக்காமல் விட்டது மாகாண அரசின் தவறு.

ஆனால் உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது, அதற்குக் காலம் குறைவு. உரிமம் வழங்குவது ஒன்ராறியோ மதுபான, சூதாட்ட ஆணைக்குழு. அறிவித்தல் ஒட்டிய நாளிலிருந்து 15 நாட்களுக்குள் அயலவர்களும் நகரசபையும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். கஞ்சாவே கூடாது என்று எழுதினால் அது கணக்கில் எடுக்கப்படாது. பொதுச் சுகாதாரமும் பாதுகாப்பும், இளையோரைக் காத்தல், சட்டவிரோத நடவடிக்கைகளைத் தடுத்தல் ஆகிய மூன்றையும் சார்ந்த கருத்துகளையே அவர்கள் பரிசீலிப்பார்கள். ஆகவே பராமரிப்பு நிலையத்தின் வாசல் கடையின் வாசலிலிருந்து எத்தனை மீற்றர், மாலையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் நேரத்தில் அந்த நடைபாதையில் எவ்வளவு நெரிசல், பாடசாலைப் பேருந்து எங்கே நிற்கிறது என்பவற்றை அளந்து, படத்தோடு எழுதுங்கள். உங்கள் நகரசபை உறுப்பினரும் அதே காலத்துக்குள் நகரத்தின் சார்பில் ஆட்சேபம் அனுப்புமாறு அதிகாரிகளிடம் கேட்கலாம். அதைச் செய்தாரா என்று அவரிடம் எழுத்தில் கேளுங்கள். சட்டத்தைத் திருத்தக்கூடியது மாகாண சட்டமன்றம் என்பதால், கடிதத்தின் பிரதி ஒன்று உங்கள் தொகுதியின் மாகாணசபை உறுப்பினருக்கும் போகட்டும்.