கண்டது, கேட்டது, வந்து போனது: டைரி எழுதுவது பற்றிக் கேள்வி பதில்

தபால் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த 1988-ல் டைரி எழுத ஆரம்பித்தேன். ஓய்வு பெற்ற பிறகும் எழுதுகிறேன். இதுவரை 41 நோட்டுகள் ஆகியிருக்கின்றன. டைரி பற்றி எந்தச் சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

கேள்வி (கல்லூரி மாணவி, மதுரை): அம்மா, ஒவ்வொரு ஜனவரியிலும் ஆரம்பிக்கிறேன், பொங்கலோடு நின்றுவிடுகிறது. என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. காலேஜ் போனேன், வந்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். இதுதான் வருகிறது.

பதில்: உங்களுக்கு ஒருவரை அறிமுகப்படுத்துகிறேன். ஆனந்தரங்கப் பிள்ளை. சென்னை பெரம்பூரில் 1709-ல் பிறந்தவர், புதுச்சேரியில் வணிகர், பின்னாளில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவின் தலைமை துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர். 1736 செப்டம்பர் 6-ம் தேதி தினக்குறிப்பு எழுத ஆரம்பித்தார். அப்போது அவருக்கு 27 வயது. 1761-ல் இறக்கும் வரை, ஏறக்குறைய 25 வருடம் எழுதினார். நடுவில் கிடைக்காமல் போன பகுதிகளும் உண்டு.

ஆரம்பிக்கும்போதே எதை எழுதப் போகிறேன் என்று அவர் சொல்லிவிடுகிறார். காதால் கேட்டது, கண்ணால் பார்த்தது, கப்பல்கள் வந்தது போனது, அப்புறம் ஏதாவது அதிசயமோ புதுமையோ நடந்தால் அது. அவ்வளவுதான். தன் மனம் எப்படி இருக்கிறது என்று எழுதப் போவதாக அவர் சொல்லவே இல்லை. ஆனால் படித்துப் பார்த்தால் அந்த மனிதரின் பெருமை, பயம், கோபம் எல்லாம் உள்ளே இருக்கிறது.

நான் புதிதாக எழுதுகிறவர்களுக்குச் சொல்வதும் இதுவேதான். இன்று பார்த்தது ஒன்று, கேட்டது ஒன்று, வந்து போனது ஒன்று. மூன்று வரி. கப்பலுக்குப் பதிலாக உங்களுக்கு ஹாஸ்டல் தோழி ஊருக்குப் போனது இருக்கும், வீட்டுக்கு மாமா வந்தது இருக்கும்.

“காலேஜ் போனேன்” என்று எழுதியதில் தப்பே இல்லை, அங்கேயே நிறுத்தியதுதான் குறை. எந்த பஸ்? உட்கார இடம் கிடைத்ததா? பக்கத்தில் இருந்தவர் போனில் யாரிடம் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்? என் நோட்டிலிருந்தே காட்டுகிறேன். 1991 மார்ச்சில் ஒரு நாள், “இன்று மனசே சரியில்லை, ஏன் இப்படியெல்லாம் நடக்கிறது” என்று எழுதியிருக்கிறேன். என்ன நடந்தது என்று இப்போது எனக்கே தெரியவில்லை. அதே மாதம் வேறொரு நாள்: “கவுண்டரில் ஒரு பாட்டி மணியார்டர் வாங்க வந்தாள். ரூ.150. கைநாட்டு வைத்துவிட்டு, பையன் ஏதாவது எழுதியிருக்கிறானா என்று கேட்டாள். கீழே துண்டில் ஒன்றும் எழுதவில்லை. சௌக்கியம் என்று எழுதியிருக்கிறான் பாட்டி என்றேன்.” இதைப் படித்ததும் அந்தக் கவுண்டர், அந்த மை ஒற்றும் பேட், அந்தப் பாட்டியின் முந்தானை முடிச்சு எல்லாம் வந்துவிடுகிறது. அன்று என் மனசு எப்படி இருந்தது என்பதும் தெரிந்துவிடுகிறது.

கேள்வி (செவிலியர், கோயம்புத்தூர்): எனக்கு ஷிப்ட் வேலை. இரவு ஷிப்ட் வாரத்தில் பேனாவைத் தொடவே முடியாது. விட்டுப்போன நாட்களைப் பிறகு உட்கார்ந்து நிரப்பலாமா?

பதில்: நிரப்பாதீர்கள் அம்மா. விட்டது விட்டதாகவே இருக்கட்டும். ஏழு நாள் பாக்கி என்று நினைத்தாலே நோட்டைத் திறக்கக் கை வராது. நிறையப் பேர் டைரியை விடுவது இந்தக் கடன் பாரத்தில்தான். இன்றைய தேதியைப் போட்டு இன்றையதை எழுதுங்கள். போன வாரம் நடந்ததில் ஏதாவது இன்னும் நினைவில் நின்றால், அதை இன்றைய தேதியிலேயே “போன செவ்வாய் இரவு...” என்று எழுதலாம்.

நேரத்தைப் பற்றி ஒன்று. “சமயம் கிடைக்கும்போது எழுதுகிறேன்” என்றால் சமயம் கிடைக்காது. ஏற்கெனவே தினமும் செய்கிற ஒரு வேலையோடு கட்டிவிடுங்கள். டியூட்டி முடிந்து உடை மாற்றியதும், அல்லது முதல் காபியோடு. எனக்குப் பல வருடம் அது இரவு சோற்றுப் பானையைக் கழுவிக் கவிழ்த்த அடுத்த பத்து நிமிஷம். தேதியையும் கிழமையையும் மட்டும் எழுதினாலும் போதும், பெரும்பாலும் அடுத்த வரி தானாக வரும்.

கேள்வி (பள்ளி ஆசிரியர், விழுப்புரம்): எந்த நோட்டு, எந்தப் பேனா நல்லது? பேத்தி காலத்திலும் படிக்கும்படி இருக்க வேண்டும்.

பதில்: புது வருடத்துக்கு பேங்கிலும் நகைக்கடையிலும் தருகிற தேதி அச்சிட்ட டைரியை நான் விரும்புவதில்லை. ஒன்றுமில்லாத நாளுக்கும் ஒரு பக்கம், கல்யாண நாளுக்கும் ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமைக்குப் பல டைரிகளில் பாதிப் பக்கம்தான். கோடு போட்ட சாதாரண லாங் சைஸ் நோட்டு வாங்கி, தேதியை நீங்களே போடுங்கள். நல்ல தையல் போட்ட பைண்டிங்காகப் பாருங்கள், பசை மட்டும் போட்டு ஒட்டியது சில வருடத்தில் பக்கம் பக்கமாக உதிரும்.

பேனா விஷயத்தில் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் தங்கை வீட்டில் என் நோட்டுகள் இரண்டு இருந்தன, இரண்டும் முழுகிவிட்டன. பக்கங்களுக்கு நடுவே வெள்ளைத்தாள் வைத்து, ஃபேன் காற்றில் நான்கு நாள் உலர்த்தினோம். பால்பாயிண்டில் எழுதிய நோட்டை இன்றும் படிக்கலாம். மைப்பேனாவில் எழுதிய நோட்டில் எழுத்தே இல்லை, பக்கம் முழுக்க வெளிர் நீலம், அவ்வளவுதான். ஒன்பது மாதம் போனது போனதுதான். பால்பாயிண்டின் மை எண்ணெய்ப் பசையுள்ளது, தண்ணீரில் எளிதில் கரையாது. சாதாரண மைப்பேனா மையும், பல ஜெல் பேனாக்களின் மையும் கரைந்துவிடும். பென்சில் எழுத்து தேய்த்தால் மங்குமே தவிர, வெளிச்சத்தில் வெளுக்காது, தண்ணீரில் கரையாது.

பிள்ளைகள் இப்போது வைத்திருக்கிற, தேய்த்தால் அழியும் பேனாவில் மட்டும் டைரி எழுதவே எழுதாதீர்கள். அந்த மை சூடு பட்டால் நிறம் இழக்கும்படி செய்தது. சுமார் 60 டிகிரி போதும். சித்திரை வெயிலில் கதவு சாத்திய காருக்குள் டாஷ்போர்டு மேல் வைத்தால் ஒரே மதியத்தில் நோட்டு வெள்ளையாகிவிடலாம்.

வைக்கும் இடம்: பரணிலும் வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம். ஈரம் இருக்கிற இடத்துக்குத்தான் ராமபாணப் பூச்சி வரும், பைண்டிங் பசைதான் அதற்குச் சாப்பாடு. இரும்பு பீரோவின் நடுத்தட்டு நல்லது. பழைய ஓலைச்சுவடிக்குப் போடுகிற மாதிரி வசம்பைத் துணியில் முடிந்து பக்கத்தில் வைக்கிறேன். ஆனால் அதை மட்டும் நம்பாமல், வருடத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் எடுத்துத் தட்டி, நிழலில் காற்றாட வைப்பேன்.

கேள்வி (ஐ.டி. ஊழியர், பெங்களூரு): போனில் எழுதினால் அது டைரி ஆகாதா?

பதில்: ஏன் ஆகாது? தாராளமாக எழுதுங்கள். குரலில் சொன்னால் தமிழில் தட்டச்சாகிற வசதியும் இருக்கிறது, கண் தெரியாத பெரியவர்களுக்கு அது பெரிய வரம். ஒன்றை மட்டும் பாருங்கள். அந்த ஆப் நாளைக்கு நின்றுபோனால் நீங்கள் எழுதியதை வெளியே எடுக்க வழி இருக்கிறதா? இல்லையென்றால் அதில் எழுத வேண்டாம். வருடக் கடைசியில் மொத்தத்தையும் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டு வைத்துவிடுங்கள்.

கேள்வி (இல்லத்தரசி, ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்): கூட்டுக் குடும்பம். நான் எழுதியதை ஒரு நாள் வீட்டில் எடுத்துப் படித்து, எல்லோர் முன்பும் கேட்டார்கள். அதோடு நிறுத்திவிட்டேன். ஆறு வருடம் ஆகிறது. மறுபடி எழுத ஆசையாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவர்கள் செய்தது தப்பு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

லண்டனில் சாமுவேல் பெப்பிஸ் என்று ஓர் அதிகாரி 1660 முதல் 1669 வரை டைரி எழுதினார். பெரும்பாலும் சுருக்கெழுத்து. மறைக்க வேண்டிய இடத்தில் ஸ்பானிஷ், பிரெஞ்சு, லத்தீன் எல்லாம் கலந்து எழுதினார். கண் போய்விடும் என்று பயந்து நிறுத்தினார். அவர் இறந்து நூறு வருடத்துக்கு மேல் கழித்து அதையும் ஒருவர் உட்கார்ந்து படித்துவிட்டார், 1825-ல் அச்சிலும் வந்துவிட்டது. அதனால் சங்கேத எழுத்தை முழுக்க நம்பச் சொல்ல மாட்டேன். பூட்டு வைத்த டைரியும் வேண்டாம், அதுவே எல்லோர் கண்ணையும் இழுக்கும்.

இரண்டு விதமாக எழுதுங்கள். ஒன்று, யார் எடுத்துப் படித்தாலும் பரவாயில்லாத நோட்டு. நான் மேலே சொன்ன மூன்று வரி அதில் போகட்டும். வாசல் கோலம், குழந்தை சொன்ன வார்த்தை, கறிவேப்பிலைச் செடி துளிர்த்தது. மற்றொன்று தனித்தாள். மனத்தில் கனக்கிறதை அதில் கொட்டி எழுதி, ஒரு முறை படித்து, கிழித்து அடுப்பில் போட்டுவிடுங்கள். எழுதியதை வைத்துக்கொண்டே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எழுதும்போதே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

கேள்வி (தாய், திருநெல்வேலி): என் மகளுக்குப் 15 வயது. டைரி எழுதுகிறாள், தலையணைக்கு அடியில் வைக்கிறாள். அவள் நல்லதுக்காகத்தானே, ஒரு தடவை பார்க்கலாமா?

பதில்: பார்க்காதீர்கள். மேலே உள்ள கேள்வியை இன்னொரு முறை படியுங்கள். ஏதோ சரியில்லை என்று உங்களுக்குத் தோன்றினால் அவளிடமே கேளுங்கள், அவள் சொல்லும்வரை பக்கத்தில் இருங்கள்.

கேள்வி (இளைஞர், சேலம்): கவலையைப் பற்றி எழுதினால் குறையும் என்கிறார்கள். எனக்கு எழுத எழுத அதிகமாகிறது.

பதில்: இதில் நீங்கள் தனி ஆள் கிடையாது தம்பி. அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளரும் அவருடைய மாணவி ஒருவரும் செய்த ஆய்வு 1986-ல் வெளிவந்தது. கல்லூரி மாணவர்களைத் தங்கள் மனத்தை மிகவும் பாதித்த சம்பவத்தைப் பற்றித் தினம் 15 நிமிஷம், தொடர்ந்து நான்கு நாள் எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு வருத்தம் கூடத்தான் செய்தது. ஆனால் நடந்ததையும் அதற்குத் தங்கள் மனம் பட்ட பாட்டையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த சில மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போனது மற்றவர்களைவிடக் குறைவு.

இதில் கவனிக்க வேண்டியது 15 நிமிஷமும் நான்கு நாளும். வருடம் முழுக்க ஒரே புண்ணைக் கிளறச் சொல்லவில்லை. நீங்களும் கடிகாரம் வைத்துக்கொண்டு எழுதுங்கள். நேரம் முடிந்ததும் மூடிவிட்டு எழுந்து நடங்கள். ஒரே வாக்கியம் நாலு நாளாகத் திரும்பத் திரும்ப வந்தால், அடுத்த நாள் அந்த விஷயத்தைத் தொடாமல் ஜன்னலுக்கு வெளியே தெரிவதை மட்டும் எழுதுங்கள். தூக்கம் போய்விட்டது, உயிர்மேல் வெறுப்பு வருகிறது என்றால் நோட்டை நம்பிக் காத்திருக்க வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், டாக்டரைப் பாருங்கள். தயவுசெய்து.

கேள்வி (மாணவர், யாழ்ப்பாணம்): நல்ல தமிழில் எழுத வரவில்லை. பேசுகிற மாதிரி எழுதலாமா?

பதில்: பேசுகிற மாதிரியேதான் எழுத வேண்டும். ஆனந்தரங்கப் பிள்ளையின் எழுத்தே அவர் காலத்துப் பேச்சுத் தமிழ்தான். அதனால்தான் 18-ம் நூற்றாண்டில் புதுச்சேரியில் எப்படிப் பேசினார்கள் என்று இன்று நமக்குத் தெரிகிறது. உங்கள் ஊர் வழக்கை அப்படியே எழுதுங்கள். உங்கள் அம்மம்மா சொன்ன சொல்லை மாற்றவே மாற்றாதீர்கள்.

கேள்வி (ஓய்வு பெற்றவர், ஈரோடு): பழைய டைரியைப் படித்தால் வெட்கமாக இருக்கிறது. திருத்தி எழுதலாமா, கிழித்துவிடலாமா?

பதில்: இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகளுக்குப் பயந்து நெதர்லாந்தில் ஒளிந்து வாழ்ந்த ஆன் ஃபிராங்க் என்ற யூதச் சிறுமியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 13-வது பிறந்தநாளுக்குக் கிடைத்த டைரியில் 1942 ஜூனில் எழுத ஆரம்பித்தவள். போர்க்காலக் கடிதங்களையும் டைரிகளையும் பத்திரப்படுத்துங்கள் என்று 1944 மார்ச்சில் வானொலியில் ஓர் அமைச்சர் பேசியதைக் கேட்டுவிட்டு, தான் எழுதியதையெல்லாம் தனித்தாள்களில் திருத்தி எழுதத் தொடங்கினாள். பழையதைத் தூக்கிப் போடவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து இன்று படிக்க முடிகிறது. நீங்களும் அப்படியே செய்யலாம், ஐயா. புதிய நோட்டில், இன்றைய தேதி போட்டு, “அன்று இப்படி நினைத்தேன், இன்று இப்படித் தோன்றுகிறது” என்று எழுதுங்கள். பழைய பக்கத்தில் கை வைக்க வேண்டாம்.

கேள்வி (தஞ்சாவூர்): அப்பா இறந்து ஆறு மாதம். பீரோவில் 1974-லிருந்து அவர் எழுதிய வரவு செலவு நோட்டுகள் இருக்கின்றன. பால், மண்ணெண்ணெய், மளிகை, பள்ளிக்கூடச் சம்பளம். டைரி மாதிரி ஒரு வரிகூட இல்லை. அண்ணன் எடைக்குப் போடச் சொல்கிறார்.

பதில்: போடாதீர்கள். அதுதான் அவருடைய டைரி. அரை லிட்டர் பால் எந்த மாதம் ஒரு லிட்டர் ஆனது என்று பாருங்கள், உங்கள் வீட்டில் யாரோ பிறந்திருப்பார்கள். ஒரு மாதம் முழுக்க பஸ் செலவும் ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் வரிசையாக வந்தால், யாரோ ஆஸ்பத்திரியில் படுத்திருந்திருக்கிறார்கள். கைமாற்று என்று ஒரு பெயர் இருக்கும், அது திரும்பி வந்ததா என்பதும் சில பக்கம் தள்ளி இருக்கும்.

பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து இரண்டு இடத்தில் சேமித்துவிடுங்கள். பிறகு அம்மா இருந்தால், 1974 நோட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் போதும். பெயர்களைப் படித்துக்காட்டி, இவர் யார், இது எதற்கு என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொல்கிற வார்த்தையிலேயே தனி நோட்டில், அன்றைய தேதி போட்டு எழுதுங்கள். அப்பாவின் நோட்டில் எதையும் எழுதாதீர்கள்.