குபர்னெட்டிஸில் பாட் விழுந்து விழுந்து எழுகிறது, லாக் காலி: எங்கே பார்ப்பது?

குபர்னெட்டிஸ் என்பது கன்டெய்னர்களை (அப்ளிகேஷனைத் தேவையானவற்றோடு கட்டிய பொதிகளை) இயக்கி நிர்வகிக்கும் மென்பொருள்; பாட் என்பது அவை அதில் ஓடும் அலகு. நீங்கள் பார்ப்பது புதிதாக எழுந்த கன்டெய்னரின் லாக். விழுந்ததன் லாக் வேண்டுமென்றால் 'குபெக்டில் லாக்ஸ்' கட்டளையோடு 'ப்ரீவியஸ்' தேர்வைச் சேருங்கள். பெரும்பாலும் பதில் அங்கேயே கிடக்கும்.

அதிலும் ஒன்றுமில்லையா? 'குபெக்டில் டிஸ்கிரைப் பாட்' கொடுத்து, 'லாஸ்ட் ஸ்டேட்' பகுதியில் எக்ஸிட் கோடை (ப்ராசஸ் முடியும்போது விட்டுச்செல்லும் எண்) பாருங்கள். 1 என்றால் அப்ளிகேஷனே பிழையோடு வெளியேறியிருக்கும். விடுபட்ட என்விரான்மென்ட் வேரியபிள், எட்டாத டேட்டாபேஸ் போன்றவை காரணமாகலாம். 127 என்றால் கட்டளையே கிடைக்கவில்லை. 0 என்றால் முதன்மை ப்ராசஸ் வேலையை முடித்துக் கிளம்பிவிட்டது.

137தான் ஆளைக் குழப்பும். 128+9 (9 என்பது கொல்லும் சிக்னலின் எண்), அதாவது வெளியிலிருந்து வலுக்கட்டாயமாக நிறுத்தப்பட்டது. காரணம் 'ஓஓஎம்கில்ட்' என்றிருந்தால் மெமரி லிமிட் தாண்டியிருக்கிறது. ஜாவாவில் 'எக்ஸ்எம்எக்ஸ்' அளவை (ஆப்ஜெக்ட்கள் இருக்கும் ஹீப் மெமரியின் உச்சவரம்பு) லிமிட்டுக்குச் சமமாக வைக்கவே வைக்காதீர்கள். ஹீப்புக்கு வெளியேயும் மெமரி வேண்டும். வெறும் 'எரர்' என்றிருந்தால் அதே டிஸ்கிரைப் வெளியீட்டின் 'ஈவென்ட்ஸ்' பகுதியில் லைவ்னஸ் ப்ரோப் (கன்டெய்னர் உயிரோடிருக்கிறதா என்ற சோதனை) தோற்றிருக்கிறதா என்று தேடுங்கள். மாற்றாமல் விட்டால் அது 10 விநாடிக்கு ஒருமுறை சோதிக்கும், தொடர்ந்து 3 முறை தோற்றால் நிறுத்திவிடும். மெதுவாகத் தொடங்கும் சர்வீஸ் அதற்குள் எழவே முடியாது. ஸ்டார்ட்அப் ப்ரோப் (தொடங்கி முடியும்வரை லைவ்னஸ் ப்ரோப்பை நிறுத்திவைப்பது) சேர்த்து, அதன் ஃபெயிலியர் த்ரெஷோல்டை (எத்தனை தோல்வி வரை பொறுப்பது) 30 ஆக்குங்கள்; 300 விநாடி அவகாசம் கிடைக்கும்.

காரணத்தை, உதாரணமாக எட்டாத டேட்டாபேஸைச் சரிசெய்த பிறகும் பாட் உடனே எழவில்லையே என்று பதற வேண்டாம். மறுதொடக்கத்துக்கான காத்திருப்பு 10 விநாடியில் தொடங்கி, இரட்டித்து இரட்டித்து 5 நிமிடம் வரை போகும். டெப்ளாய்மென்ட் (பாட் குறைந்தால் தானே புதிதாக உருவாக்குவது) இருந்தால் அந்த பாட்-ஐ அழித்துவிடுங்கள், புதியது உடனே வரும்.